நன்னூலின் கற்றல் நெறியும் தமிழ்ச் செய்முறை வகுப்பும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி வாகன, மின்னணு உற்பத்திக்குப் பெயர்பெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையோ 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஓர் ஆலைக்கே உரிய எந்திரப் பயிற்சி அவ்வாலையோடு பயனிழக்கக்கூடும். நிகழ்ந்ததை ஒழுங்குபட எழுதும் திறனும் கேட்போர்க்கு விளங்கப் பேசும் திறனும் அடுத்த பணிக்கும் உடன்வரும். அத்திறனைக் கல்லூரித் தமிழ்ப் பாடம் வளர்க்கும் வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடத்திட்டத்தின் இடைவெளி

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ்ப் பொறியியல் மாணவர்க்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் இரு தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு கிரெடிட் உடையது. இரண்டாம் தாள் உற்பத்தித் தொழில்நுட்பம், அறிவியல் தமிழ், கணினித்தமிழ் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. இவை தமிழைப் பற்றிய அறிவைத் தருவன. ஆங்கிலத்திற்குத் தாள்களுடன் செய்முறை ஆய்வகமும் உண்டு. தமிழில் எழுதிப் பழகவும் பேசிப் பழகவும் அவ்வாறு தனி நேரம் ஒதுக்கப்படவில்லை. தமிழின் பெருமையைத் தேர்வில் எழுதும் மாணவர் தம் கருத்தைத் தமிழில் கோவையாகச் சொல்லத் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நன்னூல் தரும் பகுப்பு

இவ்விடைவெளியை நிரப்பும் அடிப்படை நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே உள்ளது. ஆசிரியர் உரைப்பதை நன்கு கொண்டாலும் கிட்டுவது கால் பங்குப் புலமையே; உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய இரு கால் பங்கும் நிறையும் என்பது பவணந்தியார் கருத்து. இதன்படி 30 மணி நேரத் தமிழ்ச் செய்முறை வகுப்பை வகுத்தால் ஆசிரியர் விளக்கத்திற்கு ஏறக்குறைய 7 மணி, மாணவர் தம்முள் பயில்வதற்கு 8 மணி, எடுத்துரைத்தலுக்கு 15 மணி அமையும். வகுப்பு நேரத்தில் பாதி மாணவரின் சொந்த வெளிப்பாட்டிற்கு உரியதாகும்.

பயிற்சியும் மதிப்பீடும்

பயிற்சிகள் வட்டாரத் தொழிற்சூழலிலிருந்து அமைதல் வேண்டும். ஷிப்டு முடிவில் எழுதும் குறிப்பு, விபத்து அறிக்கை, பாதுகாப்பு அறிவுறுத்தலின் தமிழாக்கம், பணி தொடங்குமுன் ஆற்றும் மூன்று நிமிட உரை ஆகியவை தக்கவை. ஆலைப் பதிவு ஆங்கிலத்தில் அமையுமிடத்தும் செய்தியைத் தேர்ந்து முறைப்படுத்தும் இப்பயிற்சி துணைசெய்யும்.

மதிப்பிடுவதற்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்கள் அளவுகோலாகும். “மெஷின் சரியில்லை, பார்க்கவும்” என்று ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். எந்த எந்திரம், எப்போது, என்ன பழுது என்பன இதில் இல்லை. இது குன்றக் கூறல். “மூன்றாம் எண் பிரஸ்ஸில் இரவு 2.10 மணிக்கு எண்ணெய் கசிந்தது, எந்திரம் நிறுத்தப்பட்டுள்ளது, சீல் மாற்றும்வரை இயக்க வேண்டாம்” என்று திருத்தினால் அடுத்து வருபவர் செய்யத்தக்கது தெளிவாகிறது. அதே குறிப்பின் முற்பகுதி எந்திரம் நிறுத்தப்பட்டதாகவும் பிற்பகுதி ஓடுவதாகவும் கூறின் மாறுகொளக் கூறல். கசிவை விட்டு எந்திரத்தின் வரலாற்றை விரிப்பின் மற்றொன்று விரித்தல். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் ஆகிய அழகுகள் எய்த வேண்டிய இலக்குகளாகும்.

ஒருவர் எழுதியதை மற்றொரு மாணவர் படித்து, தாம் அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம். முதல் வரைவு, உடன் பயில்வார் குறிப்பு, திருத்திய வரைவு ஆகிய மூன்றும் சேர்ந்தே மதிப்பெண் பெறுதல் நலம். வகுப்பில் 60 பேர் இருப்பினும் முதல் திருத்தம் மாணவரிடையே நிகழ்வதால் ஆசிரியரின் பணிச்சுமை குறையும்.

முடிவுரை

தொழிற்பகுதிக் கல்லூரிகளின் தமிழ்ப் பாடத்திற்கு இன்று வேண்டுவது மேலும் ஓர் அலகன்று. செய்முறை நேரமும் அதற்குரிய மதிப்பெண்ணும் ஆகும். அவற்றைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பாடத்திட்டக் குழுக்கள் முன்வரின், தேர்வுக்கு மனனம் செய்யப்படும் பாயிரம் வகுப்பின் நடைமுறையாகும்; மாணவரும் தாய்மொழியில் தம் பணியைப் பிறர்க்கு விளக்கவல்லவராவர்.