4 டெராபைட் வாங்கினால் 3.63 காட்டுது: மிச்சம் எங்க போச்சு?

புது ஹார்ட் டிரைவ் பூட்டின கையோட கனபேர் கேட்கிற கேள்வி இது: "பெட்டியில 4 டெராபைட் என்று போட்டிருக்கு, விண்டோஸ் 3.63 என்று காட்டுது. ஏமாத்திப்போட்டாங்களோ?"

இல்லை, ஒருத்தரும் ஏமாத்தேல்லை. ஆனால் இதே கேள்வி வேற எண்களோடயும் வரும். 4 வாங்கினவருக்கு 2 காட்டும், இன்னொருத்தருக்கு 1.63 காட்டும், வேறொருத்தருக்குப் பழைய டிரைவின்ர 500 ஜிபியே காட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு காரணம். சில காரணங்கள் இடத்தை மட்டும் ஒளிச்சு வைக்கும். ரெண்டு காரணங்கள் நீங்கள் சேமிச்ச படங்களையே சத்தமில்லாமல் அழிக்கும். அதனால ஃபோர்மட் பண்ண முதல், கடைக்குத் திருப்பி அனுப்ப முதல், அந்த எண்ணை வடிவா ஒருக்கா பாருங்கோ.

மூன்று எண்களை எழுதுங்கோ

முதலாவது, டிரைவின்ர லேபிளில இருக்கிற அளவு. ரெண்டாவது, முழு டிரைவும் எவ்வளவு என்று கொம்பியூட்டர் நினைக்குது. மூன்றாவது, அதுக்குள்ள இருக்கிற பார்ட்டிஷனின்ர அளவு.

நாங்கள் வழமையாப் பார்க்கிற "திஸ் பிசி" திரை மூன்றாவதை மட்டும்தான் காட்டும். அதை வைச்சு முடிவெடுக்காதேங்கோ. ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் பண்ணி "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறந்தால், கீழ்ப்பாதியில இடப்பக்கப் பெட்டியில ரெண்டாவது எண் இருக்கும். அதுக்கு வலப்பக்கம் இருக்கிற பட்டைகள்தான் பார்ட்டிஷன்கள்.

ரெண்டாவது எண் சரி, மூன்றாவது சின்னன் என்றால் பிரச்சினை பார்ட்டிஷனில. ரெண்டாவதே பிழை என்றால் கேபிள், டொக், டிரைவர் பக்கம் பார்க்கவேணும்.

931: இது பிழையே இல்லை

டிரைவ் செய்யிற கம்பெனிகளுக்கு 1 டெராபைட் என்றால் 1,000,000,000,000 பைட். விண்டோஸ் 1000-ஆல பிரிக்காது, 1024-ஆல பிரிக்கும். அந்தக் கணக்கில ஒரு டெராபைட் 1,099,511,627,776 பைட். கிலோபைட்டில 2.4 சதவீதமா இருந்த வித்தியாசம், ஒவ்வொரு படியிலயும் பெருகி, டெராபைட்டுக்கு வரேக்க கிட்டத்தட்ட 10 சதவீதமாகுது. 1024 கணக்குக்கு கிபிபைட், டெபிபைட் என்று தனிப்பெயர்களை 1998-லேயே சர்வதேசத் தர அமைப்பு கொண்டுவந்திட்டுது. விண்டோஸ் இன்னும் பழைய பெயரையே போடுது. மக் 2009-ல வந்த ஸ்னோ லெபர்ட்டில இருந்து 1000 கணக்குக்கு மாறிட்டுது. அதால அதே டிரைவ் மக்கில 4 என்றே தெரியும்.

100 கிலோமீட்டரை மைலில சொன்னால் 62. ரோட்டின்ர நீளம் குறையேல்லைத்தானே?

மனசில வைச்சிருக்கவேண்டிய கணக்கு: ஒரு டெராபைட்டுக்கு 931 ஜிபி. 2 என்றால் 1863, 4 என்றால் 3726, 8 என்றால் 7452. ரெண்டாவது எண் இதுக்குக் கிட்ட இருந்தால் டிரைவை முழுசாத்தான் கொம்பியூட்டர் பார்க்குது.

2048: பழைய அட்டவணை

முழு டிரைவ் 3726 என்று சரியா இருக்கு. ஆனால் பட்டை 2048-ல நிண்டு, பக்கத்தில 1678 ஜிபி கறுப்பாக் கிடக்குது. இது எம்பிஆர் பிரச்சினை.

எந்தப் பார்ட்டிஷன் எங்க தொடங்குது, எவ்வளவு நீளம் என்று டிரைவின்ர தொடக்கத்தில ஒரு சின்ன அட்டவணை இருக்கும். எம்பிஆர் என்ற அந்த அட்டவணை 1983-ல பிசி டாஸ் 2.0 காலத்தில வந்தது. அதில இலக்கம் எழுத 32 பிட் இடம்தான் இருக்கு. ஒரு செக்டர் 512 பைட் என்றால், அதால எண்ணக்கூடிய உச்சம் சரியா 2048 ஜிபி. அதுக்கு அங்கால இடம் இருந்தாலும் எழுத வழியில்லை.

புது டிரைவ் என்றால் தீர்வு சுகம். பார்ட்டிஷனை அழிச்சு, இடப்பக்கப் பெட்டியை ரைட் கிளிக் பண்ணி ஜிபிடி-க்கு மாத்துங்கோ. உள்ளுக்கு ஏதும் இருந்தால் முதல்ல வேற இடத்தில கொப்பி எடுங்கோ, இந்த வழியில எல்லாம் போயிடும். அந்த டிரைவில இருந்தே விண்டோஸ் பூட் ஆகவேணும் என்றால் மதர்போர்ட் யூஇஎஃப்ஐ முறையில இருக்கவேணும்.

முழு டிரைவே 1678 என்றால் கையை எடுங்கோ

இப்ப அதே 1678, ஆனால் ரெண்டாவது எண்ணா வருது. 3 டெராபைட் டிரைவ் என்றால் 746 வரும். பழைய காரில மைல் மீட்டர் 99999 தாண்டினதும் திரும்ப 00000-ல இருந்து ஓடுமே, அதுதான் இது. நடுவில இருக்கிற பழைய யூஎஸ்பி டொக்கோ, பழைய ஸ்டோரேஜ் டிரைவரோ 2048 தாண்டினதும் பூச்சியத்தில இருந்து எண்ணுது. மிஞ்சினதுதான் உங்களுக்குத் தெரியுது.

இதில ஆபத்து இருக்கு. ஏற்கனவே நிறைஞ்ச டிரைவை இப்படியான டொக்கில போட்டு எழுதினால், பின்பக்கம் போகவேண்டிய டேட்டா முன்பக்கத்தில போய் விழலாம். விண்டோஸ் "ஃபோர்மட் பண்ணவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கழட்டுங்கோ. கொம்பியூட்டருக்குள்ள சாட்டா கேபிளில நேராப் பூட்டிப் பாருங்கோ. அங்க 3726 வந்தால் டிரைவில குறையில்லை, டொக்கைத்தான் மாத்தவேணும்.

புது டிரைவ், பழைய அளவு

500 ஜிபி டிரைவைக் குளோன் பண்ணிப் புது 2 டெராபைட்டில போட்டால், பார்ட்டிஷனும் 465 ஜிபி அளவிலேயே வரும். பக்கத்தில வெறும் இடம் கிடக்கும். "எக்ஸ்டெண்ட் வொல்யூம்" அழுத்தினால் சரி. அந்தத் தெரிவு மங்கலா இருந்தால், நடுவில ரிக்கவரி பார்ட்டிஷன் ஒன்று மறிச்சு நிக்குது. அதை அழிக்காமல், பின்னுக்கு நகர்த்திற பார்ட்டிஷன் மென்பொருள் ஒன்றைப் பாவியுங்கோ.

எண் சரி, டிரைவ் பொய்

எல்லாத்திலயும் மோசமானது, மூன்று எண்ணும் பொருந்திற டிரைவ். நம்பமுடியாத மலிவில "16 டெராபைட் எஸ்எஸ்டி" என்று ஒன்லைனில விற்கிற பெட்டிகளைத் திறந்தால், உள்ளுக்கு ஒரு சின்ன மெமரி கார்ட் ஒட்டியிருக்கும். கேட்டால் 16 என்று பொய் சொல்லும்படி அதுக்குச் சொல்லிக்குடுத்திருக்கினம். கொப்பி பண்ணேக்க ஒரு எரரும் வராது. பெயர் இருக்கும், அளவு இருக்கும், தம்ப்நெயில்கூடச் சிலவேளை இருக்கும். திறந்தால் ஒன்றும் இருக்காது.

எங்கட வீடுகளில இப்ப அம்மா அப்பாவின்ர கலியாண விஎச்எஸ் கசட்டுகளை டிஜிட்டல் ஆக்கி இப்படித்தான் ஒரு டிரைவில போட்டு வைக்கிறம். அந்தக் கசட்டுக்கு வேற கொப்பி இல்லை. அதனால வாங்கினவுடன, வெறும் டிரைவில, விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, மக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3 ஓடவிடுங்கோ. ரெண்டும் இலவசம். டிரைவை முழுசா நிரப்பி, எழுதினதைத் திரும்ப வாசிச்சுப் பார்க்கும். நொடிக்கு 150 மெகாபைட் ஓடிற 4 டெராபைட் ஹார்ட் டிரைவுக்கு எழுத ஏழரை மணி, வாசிக்க ஏழரை மணி. பின்னேரம் தொடங்கிவிட்டுப் படுத்தால் அடுத்தநாள் காலமை முடிஞ்சிருக்கும். அது பாஸ் ஆகும்வரைக்கும் கசட்டை எறியாதேங்கோ, ஃபோனில இருக்கிற ஒரிஜினலை அழிக்காதேங்கோ.

உங்கட டிரைவ் இதில ஒன்றிலும் பொருந்தேல்லை என்றால் எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோடில பார்ப்பம். "குறைவாக் காட்டுது" என்று மட்டும் எழுதாமல் மூன்று எண்ணையும், எதால பூட்டினனீங்கள் என்றதையும் போடுங்கோ. பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.