பங்காளியும் கூலியாளும்

கட்டுமரமும் வள்ளமும் மட்டுமே ஓடிய காலத்தில், தமிழகக் கடற்கரைத் தொழிலில் அரசின் தலையீடு மிகக் குறைவு. கடலுக்குப் போகும் நாளைக் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்தன. பிடித்த மீனைப் பங்கு பிரிக்கும் முறையை ஊர் வழக்கம் முடிவு செய்தது. ஊருக்கு ஊர் கணக்கு மாறினாலும், மரத்துக்கும் வலைக்கும் உரியது போக மிச்சம் ஏறிப் போனவர்களின் பங்கு. வருமானம் அன்றும் நிச்சயமற்றதுதான். கடலில் ஒருவர் இறந்துபோனால், அவர் குடும்பத்துக்கு உறவினரை விட்டால் வேறு நாதி இல்லை.

1950-களின் நடுவில் அரசே மானியத்திலும் தவணையிலும் விசைப்படகுகளைக் கொடுக்கத் தொடங்கியது. இறால் ஏற்றுமதி வளர, படகுகள் பெருகின. படகு கிடைத்தவர் முதலாளி ஆனார்; கிடைக்காதவர் அந்தப் படகில் ஆளாக ஏறினார். இன்றும் பல விசைப்படகுகளில் பங்கு உண்டு. ஆனால் டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்த பிறகே அது தொழிலாளியின் கைக்கு வருகிறது. வேலைக்கு எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை. முன்பணம் வாங்கியவருக்கு, அந்தக் கடன் தீரும்வரை வேறு படகு ஏறுவது எளிதல்ல.

அன்று காற்றைப் பார்த்துக் கிளம்பினார்கள். இன்று மீன்வளத் துறையின் டோக்கன் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கன் இல்லை. அதனால் உயிர்கள் தப்புகின்றன. ஆனால் அன்றைய கூலியும் இல்லை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017-இல் 61 நாளானது. மீன் இனம் பெருக அது தேவை. கடலோடிகளே அதை அறிவார்கள். 2011-இல் 2,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணம் இன்று 8,000 ரூபாய். உயர்வு உண்மைதான். ஆனாலும் 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 131 ரூபாய். 2025-இல் தமிழகத்தில் நூறு நாள் வேலைக்கு ஒருவருக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலி 336 ரூபாய்.

முன்பு இல்லாத மீனவர் நல வாரியம் 2007-இல் வந்தது. விபத்தில் இறந்தால் இன்று 5 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. இவை சிறிய லாபங்கள் அல்ல. ஆனால் வரிவிலக்கு டீசல் படகின் பெயரில் வருகிறது. ஆழ்கடல் படகுக்கான மானியமும் படகு வாங்குபவருக்கே. அந்தப் படகில் வலை இழுப்பவரின் வேலைக்கு மட்டும் ஏட்டில் இடமில்லை.

மீன்பிடித் தொழிலாளருக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்று சொல்லும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கையும் அதே 2007-இல் பிறந்தது. தாய்லாந்து 2019-இல் அதை ஏற்றுக்கொண்டது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. கடலுக்குப் போகும் நாளை நிர்ணயிக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்ட அரசு, போக முடியாத நாளின் கூலிக்கும் பொறுப்பேற்க வேண்டும். அதன் முதல் படி, படகுகளைப் பதிவு செய்வதுபோல் அவற்றில் ஏறுபவர்களின் வேலையையும் ஒப்பந்தத்தோடு பதிவு செய்வது.