எழுதிக் கொடுத்த குரல்

திருமலைக் கோயிலில் உண்டியலுக்கு எதிரே ஒரு சிறிய அறை இருக்கிறது. சங்கீர்த்தன பண்டாரம் என்பார்கள். தெலுங்குக் கவி அன்னமய்யாவின் பாடல்களைச் செப்பேடுகளில் பொறித்து, வேங்கடவன் சொத்தாக அங்கே சேர்த்தார்கள் அவருடைய வழியினர். அவை வெளியுலகின் கண்ணில் பட்டது 1922இல்தான். ஏடுகளில் சொல் இருந்தது, ராகத்தின் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. நாம் இன்று கேட்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா தொடங்கி இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள்தான் மெட்டமைத்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் சொல் எல்லோருக்கும் பொது. மெட்டு அப்படியல்ல, அதற்கு உரிமையாளர் உண்டு.

குரலின் கதை இன்னும் வியப்பானது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தது. தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் அந்தக் குரலில் விழித்தன! ஆனால் அன்றைய சட்டப்படி அந்தக் குரலுக்கு உரிமையே கிடையாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடலை எழுதியவரையும் மெட்டமைத்தவரையும் ஒலிப்பதிவு செய்த நிறுவனத்தையும் அறிந்திருந்தது, பாடியவரை அறியவில்லை. ஒப்பந்தப்படி வரும் ராயல்டி ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. அதையும் திருமலை தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார்.

பாடகருக்கு உரிமை என்று ஒன்று நம் சட்டத்தில் வந்தது 1994 திருத்தத்தில். 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. மெட்டமைத்தவர் உரிமையை முழுதும் எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் அவருக்குள்ள சரிபாதியை யாரும் எழுதி வாங்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ கொடுக்கலாம். வேறு யாருக்கு எழுதினாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. கைக்கு வந்த பணத்தைத் தானமாகக் கொடுக்கத் தடையில்லை. வறுமையில் கையெழுத்துப் போட்ட எத்தனையோ கலைஞர்களை நினைத்தால், இந்தத் திருத்தம் முன்பே வந்திருக்க வேண்டும் என்று மனம் பதைக்கிறது.

ஒலிப்பதிவின் உரிமைக்கு அறுபது ஆண்டுதான் ஆயுள். 1963இல் வெளியான தட்டின் உரிமை 2023 கடைசியோடு முடிந்தது.

உரிமையை எழுதிக் கொடுக்கும் கேள்வி இசையோடு நிற்கவில்லை. திருமலையின் அடிவாரத்துத் திருப்பதிக்கு 2015இல் ஐ.ஐ.டி. வந்தது. அங்கே படிக்கும் பிள்ளைகள் இன்று மென்பொருள் நிரல் எழுதுகிறார்கள். பலர் கைபட்டு வளரும் நிரலின் உரிமை யாரிடம் இருக்க வேண்டும்? ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்குக் கண்ட வழி, ஈமாக்ஸ், ஜி.சி.சி. போன்ற தன் மென்பொருள்களுக்கு நிரல் எழுதுகிறவர்களிடம் பதிப்புரிமையை எழுதி வாங்குவது. உரிமத்தை ஒரு நிறுவனம் மீறினால், வழக்காட ஒரே உரிமையாளர் இருப்பது நல்லது என்பது அதன் வாதம். கையெழுத்திட்ட படிவம் பாஸ்டனுக்குத் தபாலில் போக வேண்டியிருந்தது. பிறகு இந்தியாவில் இருப்பவர்கள் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றானது. வேலையில் இருப்பவர் முதலாளியின் கையெழுத்தையும் வாங்க வேண்டியிருந்தது. பணிக்காக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி என்றுதானே நம் சட்டமும் சொல்கிறது.

லினக்ஸ் கெர்னல் திட்டம் உரிமையை எழுதி வாங்கவே இல்லை. இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் ஒரு வரி போதும் என்று 2004இல் வழக்கமாக்கியது. ஜி.சி.சி.யும் 2021இல் கட்டாயத்தைக் கைவிட்டு அந்த வழிக்கு வந்தது. உரிமை ஒரே இடத்தில் குவிவதை இளைய தலைமுறை விரும்பவில்லை. நானும் அவர்கள் பக்கம்தான்.

ஆனாலும் அந்தப் பழைய படிவத்தின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. எழுதிக் கொடுப்பவருக்கு அறக்கட்டளையும் பதிலுக்கு எழுதிக் கொடுத்தது: இந்த நிரலை என்றும் கட்டற்றதாகவே வெளியிடுவோம், உன் நிரலை நீ விரும்பியபடி பயன்படுத்தலாம் என்று. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிக்காத ஒப்படைப்பு ஐந்தாண்டுக்கே செல்லும்; எல்லை குறிக்காதது இந்தியாவுக்குள் மட்டும். ஆக, எழுத்தில் இல்லாத நல்லெண்ணம் நிற்காது. அன்னமய்யா பாடலுக்குப் புதிதாக மெட்டமைக்கும் இளைஞரிடம் எந்த நிறுவனம் கையெழுத்து வாங்கினாலும், இந்த மெட்டை யாரும் பாடத் தடை போட மாட்டோம், மெட்டமைத்தவர் பெயரை விட மாட்டோம் என்ற இரண்டு வரியை அந்தத் தாளிலேயே எழுதித் தர வேண்டும்.