வாய்ப்பேச்சில் போன பங்கு



குழுக் கூட்டத்தில் சேமிப்பு எண்ணி, நோட்டு எழுதி முடிச்ச பிறகுதான் இந்தப் பேச்சு வரும். "அப்பா காட்டை அண்ணன்மாரே பிரிச்சுக்கிட்டாங்க. கேட்டா, ‘உன் கல்யாணத்தப்பவே பெரியவங்க முன்னாடி பேசி முடிச்சாச்சு, நகை போட்டோம், பங்கு வேண்டாம்னு நீயும் தலையாட்டினே’ங்கறாங்க." தம்மம்பட்டிப் பக்கம் பல ஊர்களில் இதைக் கேட்டிருக்கிறேன்.

தலையாட்டினால் பங்கு போய்விடாது. பங்கை விட்டுக்கொடுக்க, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேணும். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் சொல்கிறது. கல்யாணம் எப்போ ஆனாலும் சரி. டில்லியைச் சேர்ந்த வினீதா சர்மா, தன் சகோதரர்மேல் போட்ட வழக்கில் 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ‘வாய்மொழியா அப்பவே பிரிச்சாச்சு’ என்ற வாதத்தை வெறும் சாட்சிப் பேச்சை வைத்து ஏற்க முடியாது, அரசு ஆவணங்கள் துணை இருந்தால் மட்டும், அதுவும் அபூர்வமாக ஏற்கலாம் என்றும் சொன்னது.

அந்த ‘அரசு ஆவணம்’ என்பதில்தான் கவனம் வேணும். அண்ணன்மார் பேரில் தனித்தனிப் பட்டா, வரி ரசீது எல்லாம் வருஷக்கணக்கா இருந்தால் அவங்க பக்கம் வலுவாகும். அதனால் இ-சேவை மையத்தில் பட்டா, சிட்டாவையும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றையும் முதலில் வாங்கிப் பாருங்க. 20.12.2004-க்கு முன்பே பதிவான பாகப்பத்திரம் இருந்தால் அதைக் கலைக்க முடியாது. அப்பா சொந்தமா சம்பாதிச்சு உயில் எழுதிய சொத்துக்கும் கணக்கு வேறே.

"வக்கீலுக்குக் கொடுக்க எங்க போறது?" என்றுதான் பலரும் பின்வாங்குகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் கட்டணமும் கிடையாது. ஆத்தூர் நீதிமன்றத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். எழுதத் தெரியாதவங்க வாயாலயே சொல்லலாம். 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால், கையெழுத்துக்கு முன்னாடி முழுசாப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. அந்தத் தீர்வுக்கு மேல் அப்பீல் இல்லை. இன்னொன்று, அண்ணன் வீட்டில் ‘சும்மா பேங்க் லோனுக்கு’ என்று பேப்பரை நீட்டினால், அன்னைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். குழுவுக்குக் கொண்டு வாங்க, சேர்ந்து படிப்போம்.