மெருகும் நாதமும்

வீணையோ கிதாரோ வாங்கச் செல்பவர் முதலில் காண்பது அதன் பளபளப்பை. தந்தியை மீட்டிப் பார்ப்பதற்கு முன்பே கண் மயங்கிவிடுகிறது. ஆனால் மேற்பூச்சு அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும்; வறண்ட காலத்தில் அதை விட்டுச் சுருங்கும். இந்த மாறுதலைப் பூச்சு அறவே நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. கைவியர்வையும் அழுக்கும் மரத்தில் ஊறாமல் காக்கிறது. அதே பூச்சு கனத்துவிட்டால் மரத்தின் அதிர்வை அடக்கி, நாதத்தை மங்கச் செய்யும். காக்கவும் வேண்டும், கட்டிப்போடவும் கூடாது. தொழிலாளியின் திறமை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

இதைப் பற்றிப் பேச மைசூர் பொருத்தமான நகரம். வீணை சேஷண்ணா (1852–1926) அரண்மனை வித்துவானாக விளங்கிய ஊர் அது. தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆவது. மைசூரில் தோதகத்தி எனப்படும் ஈட்டி மரத்திலும் வீணை செய்யும் வழக்கம் உண்டு. அந்தக் கருமரத்தில் வெண்ணிறச் சித்திரங்களை இழைத்துப் பதிக்கும் கைத்தொழிலும் அவ்வூருக்கே உரியது. முன்பு யானைத் தந்தத்தைப் பதித்தார்கள். தந்த வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டபின் வேறு பொருள்கள் அவ்விடத்தைப் பெற்றன. மேலும், நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937இல், அரக்கு, வர்ணத் தொழிற்சாலை ஒன்று மைசூரில் நிறுவப்பட்டது. 1962 பொதுத் தேர்தல் முதல் நம் விரலில் வைக்கப்படும் அழியாத மையைச் செய்வதும் அதே தொழிற்சாலைதான்.

அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சியின் சுரப்பு. அதைத் தூய்மைப்படுத்திச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொதியால் மரத்தின்மேல் மென்மையாகத் தேய்த்து ஏற்றுவது பழைய முறை. தெளிப்பான் வந்த பிறகும் அரக்கின் பயன் தீர்ந்துவிடவில்லை. ஏனெனில் ஈட்டி மரத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு. அதிலுள்ள இயற்கைப் பொருள்கள் எண்ணெய் வார்னிஷை எளிதில் உலரவிடுவதில்லை. அதன் கருஞ்சாயமோ சாராயத்திலும் தின்னரிலும் கரைந்து, அருகிலுள்ள வெண்சித்திரத்தில் பரவிக் கறைப்படுத்தும். ஆகவே கைதேர்ந்தவர், நூல் போன்ற தூரிகையால் வெண்பகுதிகளுக்கு மட்டும் முதலில் அரக்கு பூசி உலரவிடுவார். பின்பு மரத்தின் நுண்துளைகளை அடைத்து, முழுவதற்கும் மெல்லிய அரக்குப் பூச்சு கொடுப்பார். மேலே வருவது எதுவாயினும் அது இந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கும்.

தெளித்துப் பூசும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், 1920களில் அமெரிக்க மோட்டார் வண்டிகளுக்காகப் பரவி, பின்பு கிதார்த் தொழிலுக்கு வந்தது. பஞ்சின் நாரை அமிலத்தில் பக்குவப்படுத்திப் பெறும் பொருள் அது. பழைய சினிமாச் சுருள்களைப் போலவே எளிதில் தீப்பற்றும். அதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. புதிய பூச்சு, முந்தைய பூச்சின் மேற்பரப்பைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். எத்தனை முறை தெளித்தாலும் முடிவில் நிற்பது ஒரே படலம். பாலியூரித்தேன் இறுகியபின் அவ்வாறு கரைவதில்லை. தேய்க்கும்போது ஒரு படலத்தைத் தாண்டினால் வளையம் போன்ற தடம் தெரிந்துவிடும்.

தெளிக்கும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மழைக்காலத்தில் தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். கிதாரில் விரற்பலகையையும், குதிரை ஒட்டவேண்டிய இடத்தையும் தாளால் மறைத்துக்கொள்வார்கள். லாக்கரின்மேல் பசை உறுதியாகப் பிடிக்காது.

பூசுவதைவிடத் தேய்ப்பதே பெரிய வேலை. வெறும் மரத்தை 180, 220 எண் உப்புத்தாளால் நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் அப்போது தெரியாது. பூச்சு ஏறியபின் பெரிதாகத் தெரியும். பூச்சுகளுக்கு இடையே 320 அல்லது 400 எண் தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்ப்பார்கள். தேய்த்த மேடுகள் மங்கும். தாள் தொடாத பள்ளங்கள் மட்டும் மினுங்கும். மினுக்கம் எங்கும் மறைந்து, பரப்பு முழுவதும் ஒரே மங்கலானால் அது சமமாயிற்று என்று பொருள். ஓரங்களிலும் வளைவுகளிலும் கை சிறிது அழுந்தினால் மரம் வெளிப்பட்டுவிடும்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் பொறுத்திருத்தல் நன்று. லாக்கர் மெல்ல மெல்லச் சுருங்கி நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. அவசரப்பட்டு மெருகேற்றியது ஒரு மாதத்தில் குழிகுழியாகத் தோன்றும். பொறுத்தபின், சோப்பு கலந்த நீர் தொட்டு 800, 1200, 2000 எனப் படிப்படியாகத் தேய்த்து, இறுதியில் மெருகுப் பசையிட்டுத் துணியால் துடைக்கிறார்கள். கிதாரின் மேற்பலகை சுமார் 3 மில்லிமீட்டர் கனமே உடையது. அதன்மேல் நிற்கவேண்டிய படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இந்த வேலைக்குத் தொழிலாளி தரும் விலையும் நம் நினைவில் இருக்க வேண்டும். ஈட்டி மரத்தூள் தோலையும் மூச்சையும் உறுத்தும். தின்னரின் ஆவியும் பாலியூரித்தேன் கலவையின் ஆவியும் நெஞ்சைக் கெடுக்கும். மூடிய அறையில், முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு தெளிப்பது கூடாது. தக்க முகமூடியும், காற்றை வெளியேற்றும் விசிறியும், அருகில் நெருப்பில்லாத இடமும் இன்றியமையாதவை.

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பாட்டியார் வாசித்த வீணை ஒன்று இருக்கக்கூடும். தில்லியின் வறட்சியிலும் மும்பையின் மழையிலும் மெருகு மங்கியதைக் கண்டு, மேசை நாற்காலிக்கு மெருகிடுபவரிடம் அதை ஒப்படைக்கும் எண்ணம் எழலாம். அதற்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள். பழைய அரக்கு மெருகை மரம்வரை தேய்த்து நீக்கவேண்டியதில்லை. புதிய அரக்கு பழையதோடு கலந்துகொள்ளும். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பவை. அங்கே தின்னர் பட்டால் மெழுகு இளகி, சுருதி ஸ்தானங்களே நிலைகுலையும். ஆகவே வீணை வேலை தெரிந்தவரைத் தேடி, அரக்கு மெருகே போதும் என்றும், அதையும் மெல்லியதாகவே ஏற்றவேண்டும் என்றும் கேளுங்கள். கொடுக்குமுன் தந்திகளை மீட்டி ஒலியை நன்றாகக் கேட்டு வையுங்கள். திரும்பப் பெறும்போதும், பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒலியையே கேளுங்கள்.