இறக்கத்தில் தெரியும் முழங்கால்

தலவாக்கலைத் தேயிலை மலைகளில் வயதான அம்மாமாருக்கு மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது, பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாகக் கால் ஊன்றுவார்கள். கேட்டால், "முட்டி தேஞ்சிருச்சு" என்பார்கள். அது பாதி உண்மை.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. தடிப்பம் சில மில்லிமீற்றர்தான், பெரும்பகுதி தண்ணீர். கொலாஜன் நார்களாலான வலைக்குள் சில புரதங்கள் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இதற்கு இரத்தக் குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது நீர் பிதுங்கும். தூக்கும்போது மூட்டுத் திரவத்திலிருந்து சத்தோடு உள்ளே ஊறும். நடைதான் அதற்குச் சோறு.

அளவான நடை ஊட்டும். அளவு மீறிய பாரம் அரிக்கும். படி இறங்கும் காலின் முழங்காலில் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பாரம் விழுகிறது. முதுகில் கூடையும் காலடியில் மழை நனைத்த மண்ணும் இருந்தால் இன்னும் கடினம். வயது, பழைய காயம், உடல் பருமன், பரம்பரை ஆகியவையும் சேரும்போது, குருத்தெலும்பின் செல்களே நார்வலையை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. வலை பிய்ந்தால் நீர் தங்காது, மேற்பரப்பு சொரசொரக்கும். அடியிலுள்ள எலும்பு இறுகி ஓரங்களில் முள்ளாக வளரும். மூட்டுச் சவ்வு அழன்று நீர் கோக்கும். ஆக, இது வெறும் தேய்மானமல்ல. மூட்டு முழுவதையும் பிடிக்கும் வாத நோய்.

குருத்தெலும்புக்கு நரம்பும் இல்லை. அதனால் தொடக்கச் சேதம் வலிக்காது. எலும்பும் சவ்வும் பாதிக்கப்படும்போதே வலி தெரியும். 2019இல் உலகில் ஏறத்தாழ 528 மில்லியன் பேருக்கு ஏதாவதொரு மூட்டில் இந்நோய் இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பெண்கள்.

வலிக்கிறதென்று முடங்கினால் தொடைத் தசை மெலியும். மூட்டின் பாரம் கூடும். கதிரையில் அமர்ந்து காலை நேராக நீட்டி, சில வினாடிகள் நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். இரண்டு காலுக்கும் தினமும் செய்யுங்கள். இறக்கத்தில் கைத்தடி ஊன்றுங்கள். வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் நீங்களாக விழுங்க வேண்டாம்; வயிறும் சிறுநீரகமும் கெடக்கூடும். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காலைநேர விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ வைத்தியரைப் பாருங்கள். அது வேறு வாதமாக இருக்கலாம்.

தேய்ந்த குருத்தெலும்பை முழுதாக மீட்கும் மருந்து இன்னும் இல்லை. அதனால் காக்க வேண்டிய காலம் வலிக்கு முந்தைய காலம். மலைப்பாதையில் படி வெட்டிக் கைப்பிடி வைப்பதும், கூடை கனக்குமுன் கொழுந்தை இறக்க வழி செய்வதும் இன்று கொழுந்தெடுக்கும் இளம் பெண்களின் முழங்காலுக்கான வைத்தியந்தான்.