மலையிறக்கத்தில் பிரேக் ஏன் கைவிடுகிறது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள பைக்ஸ் பீக் சிகரம் சுமார் 4,300 மீட்டர் உயரம். உச்சியிலிருந்து இறங்கும் வண்டிகளை கிளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி பிரேக்கின் வெப்பத்தை அளக்கிறார்கள். சூடு மிஞ்சினால் ஓரங்கட்டி ஆறவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி?

படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி என வீட்டையே சுமக்கும் 5 டன் ஆர்.வி. ஒன்று 1,000 மீட்டர் இறங்கினால், சுமார் 49 மெகாஜூல் ஆற்றல் வெளியேறியாக வேண்டும். 20 டிகிரியில் உள்ள 145 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாகச் சேரும்.

அந்தச் சூடு பிரேக் ஆயிலையும் எட்டும்போதுதான் ஆபத்து. இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீத நீர் சேர்ந்துவிட்டால் 140 வரை இறங்கலாம். கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

எனவே இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினையே தடையாக்க வேண்டும். பிரேக்கில் புகை வந்தால் வண்டியை நிறுத்தி, தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால், சூடான டிஸ்க் சட்டென்று சுருங்கி விரிசல் விடக்கூடும். பெடல் ஒருமுறை தளர்ந்திருந்தால், ஆறிய பின் சரியானதுபோலத் தோன்றினாலும், மெக்கானிக்கிடம் காட்டி ஆயிலை மாற்றிய பிறகே அடுத்த மலைக்குக் கிளம்புவது நல்லது.